பாதிக்குப் பாதி

நாலு வயதில் அந்த வீட்டுக்கு வந்த புதிதில் ரோவன் கடிப்பான். கையை நீட்டினால் கை, தூக்கினால் தோள். அதற்கு முன் மூன்று குடும்பங்கள் அவனை வைத்துப் பார்த்துவிட்டு, எங்களால் ஆகாது என்று திருப்பி அனுப்பியிருந்தன. நரெலின் முன்கையில் இரண்டு வரிசைப் பல்தடம் ஒரு மாதம் மறையவில்லை. உருளைக்கிழங்கு ஃபாக்டரியில் அவளோடு நின்று கிழங்கு பொறுக்குகிறவர்கள் என்னவென்று கேட்டார்கள். "புதுசா ஒரு குட்டி வந்திருக்கு, இன்னும் பழகல" என்றாள். அவர்கள் நாய்க்குட்டி என்று நினைத்துக்கொண்டார்கள்.

நரெலும் கெரினும் பதினோரு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள். டாஸ்மேனியாவின் வடக்குக் கரையில், போர்ட் லார்னர் என்கிற சின்ன ஊரில், கடலைப் பார்த்த தகரக் கூரை வீடு. கெரினுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு பெண்கள் சேர்ந்து பிள்ளை தத்தெடுக்கலாம் என்று சட்டம் மாறிய மறு மாதமே விண்ணப்பம் போட்டார்கள். எந்த மாதிரிக் குழந்தை வேண்டும் என்ற கேள்விக்கு நேரே, "எதுவானாலும்" என்று கெரின் எழுதியிருந்தாள்.

ரோவனுக்கு ஒரு தம்பி இருந்தான். அப்போது ஒரு வயது. தாய் போதை மருந்தில் செத்துப்போக, இரண்டு பேரையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரையும் எங்களுக்கே கொடுங்கள் என்று இவர்கள் கேட்டார்கள்.

தத்து அலுவலகத்தில் ஜோஸ்லின் என்கிற பெண் கோப்பை மூடிவிட்டுச் சொன்னாள்: "சின்னவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் ரெடியா இருக்கு. அம்மா, அப்பா, மலையடிவாரத்துல தேனீ வளர்க்கிறாங்க. ரொம்ப நல்ல மாதிரி."

"அப்ப நாங்க?" என்றாள் நரெல்.

"நீங்களும்தான். எதுவானாலும் சரின்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க."

அன்றைக்குக் காரில் திரும்பும்போது நரெலுக்கு ஆறவில்லை. "பெல்ட்ல அடிபட்ட கிழங்கை மாட்டுக்குத் தள்ளுவோம்ல கெரி, அந்தக் கணக்குதான் இது."

"வாயை மூடுடி. பின்னாடி உக்காந்திருக்கான்."

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "நான் கிழங்கு இல்ல."

அவன் அந்தக் குடும்பத்தில் பேசிய முதல் முழு வாக்கியம் அது. இருவரும் சிரித்த சிரிப்பில் கெரின் வண்டியை ஓரம் கட்ட வேண்டியிருந்தது.

ஒரே வருடத்தில் கடிப்பது நின்றது. நரெலை நெல்லம்மா என்றும் கெரினைக் கெரியம்மா என்றும் கூப்பிட்டான். தம்பியை இரண்டு முறை ஒரு பூங்காவில் வைத்துக் காட்டினார்கள். தேன்காரர் தள்ளியே நின்றார். அவர் மனைவி மட்டும் இரண்டாம் முறை ரோவனுக்கு ஒரு பாட்டில் தேன் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர்கள் இனி சந்திப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாக ஜோஸ்லின் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. நரெலும் கேட்கவில்லை; பூங்காவில் அந்த ஆள் நின்ற தூரமே அவளுக்குச் சொல்லியிருந்தது.

ரோவனுக்கு ஏழு வயதானபோது நாடே தபாலில் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் கட்டலாமா கூடாதா என்று. ஊரில் பல வேலிகளில் 'கூடாது' அட்டை தொங்கியது. அந்த வருடம்தான் பள்ளியிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. பாடத்தைக் கவனிப்பதில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. கையெழுத்து மோசம்.

கையெழுத்தை நரெலே பார்த்தாள். போன வருடம் கோட்டுக்குள் அழகாக நின்ற எழுத்துகள் இப்போது மேலும் கீழுமாகச் சரிந்து கிடந்தன. வேண்டுமென்றே செய்கிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது. சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, உன் பெயரை நூறு தடவை எழுது என்றாள். நாற்பதைத் தாண்டும்போது அவன் அழுதான்.

"கை நான் சொல்ற பக்கம் போகமாட்டேங்குது நெல்லம்மா."

"போகும். எழுது."

நூறையும் எழுதவைத்தாள். பின்னாளில் அவளால் யாரிடமும் சொல்ல முடியாமல் போனது இந்த ஒன்றுதான்.

ஊர் மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை குழந்தை மருத்துவர் ஒருவர் வருவார். டாக்டர் ஹார்கிரீவ். மூன்று மாதம் காத்திருந்து அவரிடம் போனார்கள். கொடுத்த படிவத்தில் தாய் என்று ஒரு கட்டமும் தந்தை என்று ஒரு கட்டமும் இருந்தன.

"போன தடவை பல் டாக்டர்கிட்ட நான் அப்பாவா இருந்தேன். இன்னைக்கு உன் முறை" என்றாள் கெரின்.

"மீசை எடுத்துட்டு வரலையே" என்றாள் நரெல். பக்கத்து நாற்காலிக் கிழவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

டாக்டர் நல்ல விதமாகத்தான் பேசினார். குரல் உயரவில்லை, முகம் சுளிக்கவில்லை. ரோவனின் முட்டியில் தட்டிப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்தார். பிறகு கேள்விகளெல்லாம் வீட்டைப் பற்றியே வந்தன. யார் கண்டிப்பு? இருவருக்குள் சண்டை உண்டா? பையனுக்குப் பழக ஆண் யாராவது உண்டா?

"இவனுக்குக் காது ஒழுங்கா கேக்குதான்னு பாக்கணும் டாக்டர்" என்றாள் கெரின். "அப்புறம் இவன் நிறத்தைப் பாருங்க. இந்தக் குளிர்காலத்துலயும் வெயில்ல கடற்கரையில படுத்துக் கிடந்தவன் மாதிரி கறுத்துட்டு வர்றான். உப்பு உப்புன்னு அலையறான். ஊறுகாய் பாட்டில்ல இருக்கற தண்ணியைக் குடிக்கிறான்."

டாக்டர் சிரித்தார். "நல்ல ஆரோக்கியமான நிறம்தானே. பாருங்க, மூணு வீடு மாறி வந்த பிள்ளை. இப்ப ஊரெல்லாம் உங்களைப் பத்தித்தான் பேச்சு. பள்ளிக்கூடத்துல அவன் காதுல விழாமலா இருக்கும்? கேக்கப் பிடிக்காததைக் கேக்காத மாதிரி இருக்கப் பழகிக்கிட்டான். ஒரு ஆண் துணை, ஒரு விளையாட்டுக் குழு, இந்த மாத்திரை. நாலு மாசத்துல பாக்கலாம்."

அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருந்ததுதான் கெடுதலாகப் போயிற்று. பள்ளியில் பையன்கள் கேலி செய்தார்கள்தான். நரெல் நம்பினாள். தங்களால்தான் பிள்ளை இப்படி ஆகிறான் என்று அவள் நம்பியதால், வேறு எதையும் தேடவில்லை. ஃபாக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டேரலைக் கெஞ்சி, சனிக்கிழமைகளில் ரோவனை மீன் பிடிக்கக் கூட்டிப்போகச் சொன்னாள். மூன்றாவது வாரம் டேரல் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"நரெல், தப்பா நெனைக்காத. பையன் தூண்டிலைப் பாக்கமாட்டேங்கறான். கையிலயே இருக்கு, தேடறான்."

நாலு மாதம் கழித்து மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். இன்னொரு நாலு மாதம் கழித்து வேறு மாத்திரை. ஒருமுறை கெரின் மேசையில் கையை ஊன்றி, "இவன் மூளையைப் படம் எடுங்க டாக்டர்" என்றாள். தாயின் பதற்றம் பிள்ளைக்கும் தொற்றும் என்று அவர் கோப்பில் எழுதினார். எழுதியது அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது, படித்துவிட்டாள். இப்படியே பதினாலு மாதம் போயிற்று.

அக்டோபரில் ரோவனுக்கு வாந்தி கண்டது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்த சாதாரண வாந்திதான். மற்றப் பிள்ளைகள் மறுநாள் எழுந்து ஓடினார்கள். இவன் குளியலறைத் தரையில் துணி மாதிரி கிடந்தான். ஊர் மருத்துவமனையில் அன்றைக்கு விடுப்பில் போன டாக்டருக்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கு மட்டும் வந்திருந்த ஒரு வயதான டாக்டரம்மா இருந்தாள். மெக்ஃபீ என்று பெயர். அவள் ரோவனின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்து ரேகைகளைப் பார்த்தாள். எல்லாம் மை பூசினாற்போல் கறுத்திருந்தன.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

"யாரும் பாக்கலையா?"

"நாங்க சொன்னோம்" என்றாள் கெரின்.

டாக்டரம்மா ஒரு ஊசி போட்டாள். அரை மணியில் அவன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்று. மெக்ஃபீ சிரிக்கவில்லை. நாளைக்கே மெல்பர்ன் போகவேண்டும் என்றாள்.

மெல்பர்னில் மூளையைப் படம் எடுத்தார்கள். நரம்பு மருத்துவர் ஓர் இளைஞர். திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மூளையின் பின்பக்கத்தில் இரண்டு பெரிய வெள்ளைத் திட்டுகள், பட்டாம்பூச்சி இறக்கை விரித்தது மாதிரி.

"கரண்டு கம்பிக்கு மேல ரப்பர் உறை இருக்கும்ல, அந்த மாதிரி நரம்புக்கும் ஒரு உறை உண்டு. இவனுக்கு அது கரைஞ்சுட்டு வருது. பிறவியிலேயே இருக்கற கோளாறு. காது நல்லாத்தான் இருக்கு, கேட்டதை மூளையால பிரிச்சு எடுக்க முடியல. கண்ணும் அப்படித்தான். சிறுநீரகத்துக்கு மேல இருக்கற சுரப்பியும் இதாலதான் கெட்டுப்போச்சு, நிறம் கறுத்ததும் உப்பு கேட்டதும் அதனால."

"வைத்தியம்?"

"எலும்பு மஜ்ஜை மாத்தினா நிறுத்தலாம். ஆனா ரொம்ப ஆரம்பத்துல செய்யணும். படத்துல சின்னப் புள்ளியா இருக்கறப்ப."

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா?" என்று நரெல் கேட்டாள்.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "வந்திருந்தா, பேசிப் பாத்திருக்கலாம்."

கெரின் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். டாக்டர் நரெலிடம் கேட்டார்: "கூடப் பிறந்தவங்க யாராவது? இது தாய் வழியா ஆண் பிள்ளைகளுக்கு வர்றது. ஒவ்வொருத்தனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

ஐந்து வயதில், எங்கோ மலையடிவாரத்தில், ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பான் அந்தத் தம்பி.

டாக்டர் ஒரு கடிதம் எழுதினார். நரெல் ஒன்று எழுதினாள். தத்து அலுவலகம் இரண்டையும் சேர்த்துத் தேன்காரர் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது. முதல் வாரம் பதில் இல்லை. இரண்டாம் வாரம் நரெல் தினமும் போன் செய்தாள்.

"போய்ச் சேந்துருச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க" என்றாள் ஜோஸ்லின்.

"வாங்கிட்டு என்ன செஞ்சாங்க? ரத்தம் எடுத்தாங்களா?"

"அது அவங்க குடும்ப விஷயம் நரெல். நாங்க கட்டாயப்படுத்த முடியாது."

"விலாசம் குடு. நான் பேசறேன்."

"குடுக்க முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். நீங்களா தேடிப் போனீங்கன்னா சட்டப்படி நடவடிக்கை வரும். உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

இதற்குள் ரோவன் கதவு நிலைகளில் மோத ஆரம்பித்திருந்தான். சாப்பாட்டுத் தட்டில் இடது பாதியை மட்டும் தின்றுவிட்டு, இன்னும் வேண்டும் என்பான். கெரின் தட்டைத் திருப்பி வைப்பாள்.

விலாசம் தேட வேண்டியதே இல்லை. பூங்காவில் அந்தப் பெண் கொடுத்த தேன் பாட்டிலின் சீட்டில் ஊர்ப் பெயர் இருந்தது. கில்பர்ன். நாலு வருடமாக நரெலுக்கு அது தெரியும். ஒரு சனிக்கிழமை காலை அவள் கார்ச் சாவியைத் தேடியபோது கெரின் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"போகாத. கோர்ட்டுக்கு இழுப்பாங்க. ரோவனை எடுத்துக்கிட்டா என்ன செய்வே?"

"எடுத்துக்கிட்டுப் போக இனிமே அவன்கிட்ட என்னடி மிச்சமிருக்கு?"

சொன்ன மாத்திரத்தில் நரெல் வாயைப் பொத்திக்கொண்டாள். கெரினின் முகம் கல்லாகிவிட்டது. சாவியை மேசையில் வைத்துவிட்டு, ரோவனுக்குச் சட்டை மாற்றப் போனாள்.

நரெல் தனியே போனாள். கில்பர்னில் தேன்காரர் வீட்டைக் கேட்டவுடன் காட்டினார்கள். வாசலில் அந்தப் பெண்ணே நின்றிருந்தாள். லீஸ்பெத். நரெலை அடையாளம் தெரிந்ததும் முதலில் கண்கள் தேடியது பிள்ளையைத்தான். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சேற்றில் ஒரு சிறுவன் குச்சியால் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். நரெல் அவன் கைகளைப் பார்த்தாள். வெளுப்பாகத்தான் இருந்தன.

"ஜோனா, உள்ள போ" என்றாள் லீஸ்பெத். "நீங்க இங்க வரக்கூடாது."

"கடுதாசி படிச்சீங்களா?"

"எந்தக் கடுதாசி?"

நரெல் போனை எடுத்து நீட்டினாள். ரோவன் தன் வீட்டுச் சமையலறையில் நடந்துவந்து, திறந்திருக்கும் கதவின் விளிம்பில் நெற்றியால் மோதி, பின்வாங்கி, மறுபடியும் அதே இடத்தில் மோதும் படம். லீஸ்பெத் முழுதும் பார்த்தாள்.

"குடிச்ச மாதிரி நடக்கிறானே. என்ன ஆச்சு இவனுக்கு?"

"இவனுக்கு ஆனது ஆயிடுச்சு. உங்க பிள்ளைக்கு இருக்கான்னு பாக்கணும். ரத்தம் எடுத்தாப் போதும். இருந்தாலும் இப்பவே தெரிஞ்சா நிறுத்தலாம். அதுக்குத்தான் பத்தொம்பது நாளைக்கு முன்னாடி எழுதினோம்."

தேன் கொட்டகையிலிருந்து கணவர் வந்தார். டெர்க். ஆறடிக்கு மேல் உயரம். வேலிக்கு அந்தப் பக்கமே நின்று, "வெளிய போங்க. போலீசைக் கூப்பிடுவேன்" என்றார்.

"கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் பேசறேன்" என்றாள் நரெல்.

லீஸ்பெத் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "டெர்க், கடுதாசி வந்துச்சா?"

அந்தப் பெரிய உடம்பு வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தணிந்தது.

"நம்ம பிள்ளையைப் பாக்க இவங்க போடற நாடகம்னு நெனைச்சேன். முதல் நாள் அப்படித்தான் நெனைச்சேன்" என்றார். "அப்புறம் தினமும் எடுத்துப் படிச்சேன். பத்தொம்பது நாளும் படிச்சேன் லீஸ். உங்கிட்ட சொன்னா நெசமாயிடும்னு பயம்."

லீஸ்பெத் நேராகத் தங்கள் காரிடம் போய்ப் பின்கதவைத் திறந்து, "ஜோனா, ஷூவை மாத்து" என்று கத்தினாள்.

ஜோனாவுக்கும் இருந்தது. ஆனால் படத்தில் மூளை சுத்தமாக இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம், புள்ளி விழுந்த அன்றே மஜ்ஜை மாற்றுவோம் என்று மெல்பர்னில் சொன்னார்கள். தத்து அலுவலகம் நரெலுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அனுப்பியது. கில்பர்ன்காரர்கள் புகார் கொடுக்காததால் அது அத்தோடு நின்றது. டாக்டர் ஹார்கிரீவ் மேல் கெரின் கொடுத்த புகாருக்கு இரண்டு பக்கத்தில் பதில் வந்தது. அன்றைக்குக் கிடைத்த தகவலை வைத்து அவர் செய்தது முறையானதே என்று.

ரோவனுக்குக் கோடையில் பார்வை போயிற்று. பிறகு பேச்சு. கடைசியாகத் தெளிவாகச் சொன்னது 'உப்பு' என்ற வார்த்தை. விழுங்க முடியாமல் போனபோது வயிற்றில் குழாய் வைத்தார்கள். முதியோர் இல்லத்தில் பதினைந்து வருடம் செய்த வேலையைக் கெரின் தன் எட்டு வயதுப் பிள்ளைக்குச் செய்தாள். நரெல் ஃபாக்டரியில் இரட்டை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் இருக்கப் பயந்துதான் அது. கெரினுக்கும் தெரியும். ஒருநாள் மட்டும் கேட்டாள்: "நான் மட்டும் இதுக்குப் பொறந்தவளா?" மறுநாளிலிருந்து நரெல் ஒரு ஷிப்டோடு வந்துவிட்டாள்.

இலையுதிர் காலத்தில் லீஸ்பெத் ஜோனாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டெர்க் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி இருந்தார். கெரின் ஒரு கோப்பைத் தேநீரை வண்டி ஜன்னல் வழியாக நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், நிமிராமலே.

ஜோனா கட்டிலருகில் நின்றான். "இவன் தூங்கறானா?"

"இல்ல, முழிச்சிருக்கான். உன் அண்ணன். ஏதாவது சொல்லு" என்றாள் கெரின்.

அவன் யோசித்தான். "எங்க வீட்டுல ராணித் தேனீக்கு முதுகுல அடையாளத்துக்குப் பச்சைப் புள்ளி வெச்சிருக்கோம்" என்று சொன்னான். வேறு சொல்லத் தெரியாமல் இன்னொரு தடவையும் அதையே சொன்னான். ரோவனின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சிறிது நேரத்தில் ஜோனா வெளியே போய் விளையாடலாமா என்று கேட்டான்.

அந்த நவம்பரில், ஒரு பகல் பதினோரு மணிக்கு ரோவன் போனான். ஒன்பது வயது. கெரின் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள், நரெல் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறு வருடம் ஊரெல்லாம் கொள்ளைநோய்க்குப் பூட்டிக் கிடந்தபோது ஜோனாவின் படத்தில் ஒரு புள்ளி விழுந்தது. மிளகு அளவு. வெளிநாட்டில் யாரோ கொடுத்த மஜ்ஜை விமானத்தில் வந்தது. லீஸ்பெத் மட்டும் பிள்ளையோடு மெல்பர்ன் அறையில் அடைந்துகிடந்தாள். வேறு யாரிடம் பேசுவது என்று தெரியாமலோ என்னவோ, நரெலுக்குத்தான் தினமும் போன் செய்வாள். காய்ச்சல் எவ்வளவு, வாயில் புண் எப்படி, முடி எப்போது கொட்டியது எல்லாம் நரெலுக்கு மனப்பாடம்.

முப்பத்தோராம் நாள் லீஸ்பெத் அழுதுகொண்டே சொன்னாள்: "ஒட்டிக்கிச்சு நரெல். ரத்தம் ஊற ஆரம்பிச்சிருச்சு. இனிமே பயமில்லைன்னு சொல்றாங்க."

"சாப்பிடறானா?" என்றாள் நரெல்.

"கொஞ்சம் ஐஸ்கிரீம்."

"சரி. நீயும் ஏதாவது சாப்பிடு."

போனை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறொன்று. அந்தப் பிள்ளை பிழைத்ததற்காக ஒரு கணம் அவனை வெறுத்தாள். வெறுத்த நெஞ்சைத் தானே அறைந்துகொள்ளத் தோன்றியது. துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கெரின் கூடையோடு வந்து துணி எடுக்க ஆரம்பித்தாள். "யாரு போன்ல?"

"லீஸ்பெத். பொழைச்சுட்டான்."

"நல்லது" என்றாள் கெரின். ஒரு சட்டையை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள். "நல்லதுதானே நெல்?"

"நல்லதுதான்."

"அப்படின்னா எனக்கு ஏன் இப்படி இருக்கு?"

நரெல் கூடையின் மறு காதைப் பிடித்துத் தூக்கினாள். இருவரும் அதை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள்.